ஓடும்போதே ஒரு திருத்தம்

தானியங்கிக் கிடங்குகளில், உயர்ந்த அடுக்குகளுக்கிடையே தண்டவாளத்தில் ஓடும் பாரந்தூக்கிகள் பொருள்களை எடுத்தும் வைத்தும் வருகின்றன. அவற்றுக்கு ஓட்டுநர் இல்லை. அப்படியானால், பாரந்தூக்கி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கணினி எவ்வாறு அறிகிறது? சக்கரத்தோடு இணைந்துள்ள என்கோடர் என்னும் உணர்கருவி, சக்கரம் எவ்வளவு சுழன்றது என்பதை எண்ணுகிறது. அதைக் கொண்டு கடந்த தூரத்தைக் கணினி கணக்கிடுகிறது.

ஆனால், சக்கரம் நாளடைவில் தேயும். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், விட்டத்தில் 1 மில்லிமீட்டர் குறைந்தாலே, 20 மீட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பிழை ஏற்படும். அந்தப் பிழையோடு பொருளை எடுக்க முயன்றால், பாரந்தூக்கியின் கரம் அடுக்கின் தூணில் மோதக்கூடும்.

இதைத் தவிர்க்க, தண்டவாளத்தின் ஓரத்தில் துல்லியமாக அளந்து ஓர் அடையாளக் குறி வைக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அங்கே நின்று சரிபார்த்தால் வேலை தாமதமாகும். ஆகவே, பாரந்தூக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியில் உள்ள நிலை எண் திருத்தப்படுகிறது. இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, நேரம். குறி இருப்பது 20,000 மில்லிமீட்டரில். கணினியின் கணக்கோ 20,100 என்று வைத்துக்கொள்வோம். உடனே 20,000 என்று மாற்றினால் போதும் எனத் தோன்றும். ஆனால், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்லும் பாரந்தூக்கி, கணினி செயல்படுவதற்குள் 10 மில்லிவிநாடி கழிந்தால், 20 மில்லிமீட்டர் முன்னேறியிருக்கும். அதனால் புதிய பிழை உண்டாகும். எனவே, குறியைக் கடந்த அதே கணத்தில் இருந்த எண் பதிவுசெய்யப்படுகிறது. அதிலிருந்து கிடைக்கும் 100 என்ற வேறுபாடு, தற்போதைய எண்ணிலிருந்து கழிக்கப்படுகிறது.

இரண்டாவது, அதிர்ச்சி. பாரந்தூக்கி இருக்கவேண்டிய இடத்தையும் உண்மையில் இருக்கும் இடத்தையும் கணினி இடைவிடாமல் ஒப்பிடுகிறது. உண்மை நிலையை மட்டும் 100 குறைத்தால், பாரந்தூக்கி திடீரெனப் பின்தங்கிவிட்டதாகக் கணினி கருதும். மோட்டார் வேகமாக உந்தும்; சுமை ஆட்டம் காணும்; அல்லது இயந்திரம் பழுது என்று அறிவித்து நின்றுவிடும். இரண்டு எண்களிலும் 100ஐக் கழித்தால், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மாறாது. பாரந்தூக்கியும் சீராக ஓடும். அதன்பின், திருத்திய எண்ணின்படி மீதித் தூரம் கணக்கிடப்பட்டுப் புதிய கட்டளை பிறப்பிக்கப்படும். பாரந்தூக்கி சரியான அடுக்கின்முன் வந்து நிற்கும்.

தேய்ந்த சக்கரத்தை மாற்றும்வரை, ஒவ்வோர் ஓட்டத்திலும் இத்திருத்தம் நிகழ்கிறது. பிழையைக் கண்டறிவதோடு, அதை எந்தக் கணத்தில், எந்த அளவு திருத்தவேண்டும் என்று அறிவதும் பொறியாளரின் கடமையாகும்.