வேலை பெயர்ந்த வழியும் வாங்குவோர் கடமையும்



கூலி மலிந்த இடத்திற்கு வேலையைப் பெயர்த்துக்கொண்டு போகும் நிறுவனத்தின் சரக்கை இல்லறத்தார் வாங்கலாமா, ஆகாதா? வைட்டிலாவில் வாழும் நம் அன்பர்கள் சிலர் இவ்வினாவை எழுப்பியுள்ளனர். அதை வாங்குவது நம்மூர்த் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகும் என்பர் ஒரு சாரார். வேலை போய்ச் சேர்ந்த ஊரிலும் பசித்தவர் உளர் அன்றோ என்பர் மறுசாரார். இரண்டும் இரக்கத்திலிருந்து பிறந்த சொற்களே; எதனையும் எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. கடல் கடந்து போன வேலையை ஆராயுமுன், இக்கேரள நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றை முதற்கண் நோக்குவோம்.

பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென நடுவண் அரசு 1966இல் ஒரு சட்டம் இயற்றிற்று. வேலை நேரம், விடுப்பு, வேலையிடத்து வசதி முதலியவற்றை அது வரையறுத்தது. கேரள அரசு 1968 அக்டோபரில் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. உடனே மங்களூர் கணேஷ் பீடி நிறுவனத்தார் கண்ணூர்ப் பகுதியில் தம் தொழிலை மூடினர். ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தனர். பீடிக்குத் தேவை குறைந்துவிடவில்லை. வேலை மாநில எல்லையைக் கடந்து, ஒப்பந்தக்காரர் வழியாக, வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரிடம் போயிற்று.

வீட்டிற் சுற்றிய பீடி ஏன் மலிவாயிற்று என்பதை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். கண்ணூர்ப் பீடிக் கூடங்களில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். மற்றவர் சுற்றிக்கொண்டே கேட்பர். படித்தவர்க்குக் கூலி குறையாதிருக்க, அவர் பங்குப் பீடிகளைப் பிறர் சுற்றிக் கொடுப்பர். இவ்வாறு நாள்தோறும் கேட்டவர்க்குச் சட்டமும் தெரியும், கணக்கும் தெரியும். வீட்டில் தனியே முறத்தை மடிமேல் வைத்திருக்கும் பெண்ணுக்கு இவை எவ்வாறு தெரியும்? இலையையும் தூளையும் குறைத்து அளந்தாலும், சுற்றிக் கொடுத்ததில் ஒரு பகுதியைக் கழிவு என்று ஒதுக்கினாலும், அவள் யாரிடம் முறையிடுவாள்? நாம் ஆலையில் நூல் நூற்ற காலத்தில், பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் பெறும் கூலியைக் கேட்டறிந்த பின்னரே நம் கூலி குறைவென்று உணர்ந்தோம். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தையே இம்மலிவு தேடிச் செல்கிறது.

இனி, தமிழராகிய நாம் கூச்சமின்றிப் பேசவேண்டியது ஒன்று உளது. கொல்லத்து முந்திரி முதலாளிகள் பலர், கேரளத்தின் குறைந்தபட்சக் கூலிக்குத் தப்பி, கொட்டை உடைக்கும் வேலையைக் கன்னியாகுமரி மாவட்டத்திற்குக் கொண்டுபோயினர். கொல்லத்துப் பெண் இழந்ததைத் தமிழ்ப் பெண் பெற்றாள். குறைந்த கூலிக்குப் பெற்றாள். அவளைப் பகைத்து என்ன பயன்? மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் முற்காலத்தில் வேலைக்குரிய ‘சாப்பா’ வில்லைகளைக் கூட்டத்தின்மீது வீசியெறிவர். பாய்ந்து பிடித்தவருக்கு அன்று வேலை, பிடியாதவருக்குப் பட்டினி. அக்கொடுமையை ஒட்டி எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ஆம் நாள் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. வில்லையைப் பிடித்தவன் பிடியாதவனுக்குப் பகைவன் அல்லன் என்பதை மட்டாஞ்சேரி மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே, வேலை எந்த ஊருக்குப் போயிற்று என்று கேட்குமுன், எதற்குத் தப்பிப் போயிற்று என்று கேட்போம். இதற்கு அளவுகோல் நம்மிடம் பண்டே உண்டு. பணியாளர்க்குத் தலைவன் ஆற்றவேண்டிய ஐந்து கடமைகளைப் பகவான் சிகாலோவாத சுத்தத்தில் இல்லறத்தானுக்குப் போதித்துள்ளார்: வலிமைக்கேற்ப வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயில் பேணுதல், அரிய பண்டங்களைப் பகிர்ந்துண்ணுதல், உரிய காலத்தில் ஓய்வளித்தல். இவற்றைச் செய்துகொண்டே ஒருவர் வேறு நாட்டில் தொழில் தொடங்கினால், அவர் சரக்கை வாங்கத் தடையில்லை. இவற்றினின்று தப்பவே எல்லை கடந்தவராயின், விலையிற் குறைந்த காசு பிறர் கூலியிலிருந்து எடுத்த காசு.

அப்படியெனின் வாங்காதிருந்தால் போதுமா? போதாது. டாக்கா நகரையடுத்த சாவாரில் 2013 ஏப்ரல் 24ஆம் நாள் ராணா பிளாசா இடிந்து, 1,100 பேருக்கு மேல் மாண்டனர். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தும், மறுநாள் அவர்களை வேலைக்குள் ஏற்றினர். அங்கே தைத்த ஆடைகள் மேலைநாட்டுக் கடைகளுக்குரியவை. அன்று வாங்குவோர் எல்லாரும் வங்காளதேச ஆடையைத் துறந்திருப்பின், பிழைத்த பெண்களும் பட்டினி கிடந்திருப்பர். தொழிற்சங்கங்களும் வாங்குவோரும் ஓயாது வற்புறுத்தியமையால், அவ்வாண்டு மே மாதத்திலேயே நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று உருவாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டன. வாங்கும் கை கேள்வியும் கேட்டதன் பயன் அது.

நம் அன்பர்களுள் பலர் தாமே அற்பக் கூலி பெறுவோர். அவர்கள் பிள்ளைக்கு மலிவுச் சட்டை வாங்கினால் நாம் குறை கூறோம். நாலு காசு மிகுதியாகக் கொடுக்க இயன்றவர், நேரிய கூலி தருவோரைத் தேடிக் கொடுப்பாராக. இயலாதவர் கடைக்காரரிடம் கேட்கவேனும் செய்வாராக.

தேடினால் கிடைக்குமா என்பர் சிலர். கண்ணூரில் வேலையிழந்தோர் கைகட்டி நிற்கவில்லை. அரசின் கடனுதவியோடு 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தோற்றுவித்தனர். ஒரு காலத்தில் 40,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தனர். சட்டம் கூறிய விடுப்பும் பிற உரிமைகளும் பெற்றனர். பீடி நுரையீரலுக்கு நஞ்சு ஆயிற்றே, நஞ்சு வாணிகத்தைப் பகவான் விலக்கினாரே என்று உபாசகர் ஒருவர் குறுக்கிடக்கூடும். அவர் கேட்பது நியாயமே. நாமும் பீடியை வாங்கச் சொல்லோம். புகைப்போர் தொகை குறையத் தொடங்கவே, 1990களின் பிற்பகுதியிலிருந்து அக்கூட்டுறவினர் கறிப்பொடி, தேங்காய்ப்பால், குடை முதலியவற்றையும் செய்யத் தலைப்பட்டனர். மழை மிகுந்த இந்நாட்டில் குடை வாங்காத வீடு ஏது?