மின்வாசிப்பான் வாங்கலாமா?

கேள்வி: தோட்டப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மின்னூல் படிக்கும் கருவி வாங்கலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: என்ன படிப்பீர்கள் ஐயா? சங்க இலக்கியம், பாரதி, கல்கி என்றால் தாராளமாக வாங்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் இணைய மின்னூலகம் அவற்றை இலவசமாகவே தருகிறது. அமேசானின் கிண்டிலிலும் 2016 முதல் தமிழ் நூல்கள் விற்பனைக்கு உண்டு. கருவியின் மின்மை (இ-இங்க்) திரை வெயிலிலும் தெளிவாகத் தெரியும். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் ஆறு அங்குலத் திரையில் எறும்பு வரிசைதான். நம் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் மலேசிய நாவல்கள்தான் வேண்டுமென்றால் அவசரப்படாதீர்கள். பல இன்னும் அச்சில் மட்டுமே. முதலில் கைப்பேசியில் கிண்டில் செயலியை இறக்கி, ஒரு மாதம் படித்துப் பாருங்கள். செயலிக்குக் காசில்லை. கண் களைத்தும் படிக்கத் தோன்றினால், கருவி வாங்க ஈப்போவுக்கு வண்டி ஏறுங்கள்.