பாறு காத்தல்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் பெருமுக்கல் என்னும் குன்று உள்ளது. அதன்மேல் சிவன் கோயில் ஒன்று விளங்குகிறது. அதற்கு வடக்கே, செங்கற்பட்டு மாவட்டத்தில், பறவையால் பெயர்பெற்ற மற்றொரு குன்று இருக்கிறது. அதுவே திருக்கழுக்குன்றம். நண்பகலில் இரு கழுகுகள் அங்கு வந்து, அருச்சகர் இட்ட அமுதை உண்டு செல்வது வழக்கமாயிருந்தது. அக்காட்சியைக் காண மக்கள் திரண்டனர். சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வரவு நின்றுபோயிற்று.

அவை பாறு இனத்தைச் சேர்ந்தவை. பாறுகள் பெரும்பாலும் இறந்த விலங்கின் உடலையே உண்பன. அழுகிய ஊனிலுள்ள நோய்க்கிருமிகள் பல அவற்றின் இரைப்பையிலுள்ள கடும் அமிலத்தில் மடியும். ஆதலின் அவை காட்டையும் நாட்டையும் தூய்மை செய்யும் பறவைகள் ஆகும்.

இந்தியாவில் எங்கும் காணப்பட்ட வெண்முதுகுப் பாறு, 1992-ஆம் ஆண்டிற்கும் 2007-ஆம் ஆண்டிற்கும் இடையில் ஆயிரத்திற்கு ஒன்று என்னும் அளவிற்குக் குறைந்தது. அவற்றை எவரும் வேட்டையாடி அழிக்கவில்லை. பின் எவ்வாறு மாண்டன? மாடுகளின் வலி தீர 'டைக்ளோபினாக்' என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்தினர். அம்மருந்து உடலில் தங்கியிருக்கும்போது இறந்த மாட்டை உண்ட பாறுகளின் சிறுநீரகம் பழுதுற்றது. சில நாட்களில் அவை உயிர் துறந்தன. ஆய்வாளர் இவ்வுண்மையை 2004-இல் வெளியிட்டனர். மாட்டிற்குக் காட்டிய இரக்கமே பாறுக்குக் கூற்றாயிற்று!

கால்நடைகளுக்கான அம்மருந்தை இந்திய அரசு 2006-இல் தடை செய்தது. மனிதர்க்குரிய பெரிய மருந்துக் குப்பிகளை மாடுகளுக்குப் பயன்படுத்தியமையால், 2015-இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத 'மெலாக்சிகாம்' என்னும் மாற்று மருந்தும் உண்டு.

இன்று தமிழ்நாட்டில் பாறுகளின் முதன்மையான புகலிடம் நீலகிரியின் அடியிலுள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கு. 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் நிகழ்ந்த கணக்கெடுப்பில் 320 பாறுகள் காணப்பட்டன. பாறு பெரும்பாலும் ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும். குஞ்சு முதிர்ந்து இனம் பெருக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு பாறு மாண்டாலும் அவ்விழப்பை ஈடுசெய்தல் எளிதன்று.

மாணவர்களே! நும் இல்லத்து மாடு நோயுற்றால், கால்நடை மருத்துவர் கூறும் மருந்தையே கொடுக்குமாறு பெற்றோரிடம் சொல்லுங்கள். அருள் நல்லது, அறிவோடு கூடிய அருளே எல்லா உயிரையும் காக்கும்.