பழைய 335ஐ கூப்பே வாங்குமுன்: பினாங்கில் எதைப் பார்ப்பது, எதற்குப் பணம் ஒதுக்குவது

2006-இல் அறிமுகமாகி 2013 வரை தயாரான பிஎம்டபிள்யூ இ92, இரண்டு கதவு கூப்பே. புதிதில் கேட்ட விலையில் ஒரு சிறு பங்குக்கு இன்று கைமாறுகிறது. பினாங்குத் தீவிலும் பாலத்துக்கு அப்பால் ஜூரு, புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் தேடினால் கிடைக்கும். ஆனால் விலை இறங்கியது காருக்குத்தான். உதிரிபாகமும் கூலியும் இன்னும் சொகுசுக் கார் கணக்கிலேயே இருக்கின்றன. கையிலிருக்கும் பணம் முழுவதையும் கொட்டி வாங்கிவிட்டு, முதல் பெரிய பழுதிலேயே வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவைக்கும் இளைஞர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. வாங்குமுன் ஒரு நாள் செலவழித்தால் இதைத் தவிர்க்கலாம்.

முதலில் எஞ்சினை முடிவு செய்யுங்கள்

ரோட் டாக்ஸிலிருந்து தொடங்குவது நல்லது. அது பழுதானாலும் ஆகாவிட்டாலும் ஆண்டுதோறும் வரும் செலவு. தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் 2,497 சிசி கொண்ட 325ஐக்கு 877 ரிங்கிட். 2,979 சிசி கொண்ட 335ஐக்கு 2,077.50 ரிங்கிட். 3,999 சிசி வி8 எஞ்சின் உள்ள எம்3-க்கு 6,625.50 ரிங்கிட். எம்3 மோகம் பலருக்கும் இந்த இடத்திலேயே தெளிந்துவிடும்.

335ஐ-யில் இரண்டு எஞ்சின்கள் உண்டு. முதலில் வந்தது இரட்டை டர்போ கொண்ட என்54. 2010-இல் வந்தது ஒற்றை டர்போ என்55. என்54-இல் எரிபொருளை உயரழுத்தத்தில் செலுத்தும் பம்ப் பெரும் தலைவலியாக இருந்தது. அதற்காகவே 2010 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை பிஎம்டபிள்யூ திரும்ப அழைத்தது. இரண்டும் கிடைக்கும் நிலையில் என்55-ஐ எடுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடலாம். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். சாவி போட்டபின் நெடுநேரம் சுற்றித்தான் பிடிக்கிறது என்றால் உயரழுத்த பம்ப் மீது சந்தேகம் வையுங்கள். பிடித்ததும் நடுங்கினால் இன்ஜெக்டரோ, காயிலோ, வால்வில் படிந்த கரியோ காரணமாக இருக்கும். இந்த எஞ்சின்களில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்வதால் உள்ளிழுக்கும் வால்வுகள் கழுவப்படுவதில்லை. கரி படிந்துகொண்டே போகும். வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுக்க வேண்டும். மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்து விடும்போது தகரம் அதிர்வது போன்ற சத்தம் கேட்டால், என்54-இல் டர்போவின் வேஸ்ட்கேட் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு வண்டியை உங்களுக்குத் தெரிந்த போமனிடம் கொண்டுபோய் மேலே தூக்கிப் பாருங்கள். ஆயில் ஃபில்டர் பொருந்தும் உறைக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள ரப்பர் கேஸ்கெட் நம் வெயிலில் காய்ந்து இறுகிவிடும். அது மலிவான பொருள்தான். ஆனால் அதிலிருந்து கசியும் ஆயில் பெல்ட்டில் விழும். ஊறிப்போன பெல்ட் கிழிந்தால், அந்த நார்கள் கிராங்க் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் இழுக்கப்படக்கூடும். சில நூறு ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை எஞ்சினைத் திறக்கும் அளவுக்குப் போய்விடும். கசிவு இருப்பதற்காகவே வண்டியை ஒதுக்க வேண்டாம். பெல்ட்டும் நனைந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

பிஎம்டபிள்யூவுக்கென்றே உள்ள ஸ்கேன் கருவியில் பழைய பிழைக்குறிகளையும் படிக்கச் சொல்லுங்கள். காலையில்தான் அழித்திருப்பார்கள் என்று தோன்றினால், ஓட்டி வந்தபின் மறுபடியும் படியுங்கள்.

ஓட்டிப் பார்க்க ஏற்ற பாதை

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது பயன்படாது. பாலிக் புலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையின் ஏற்றத்தில் ஏறுங்கள். திரும்பி வரும்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் விடும் மாலை நெரிசலில் ஏர்கானை ஓடவிட்டு நில்லுங்கள். இந்தக் காரின் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. லட்சம் கிலோமீட்டரை ஒட்டி, பெரிதாக எச்சரிக்காமலேயே நின்றுவிடும். 335ஐ-யின் டேஷ்போர்டில் தண்ணீர் வெப்பத்தைக் காட்டும் முள்ளும் கிடையாது; ஆயில் வெப்பம் மட்டுமே தெரியும். மாற்றிய பில் இல்லையென்றால், வாங்கிய மாதமே பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

தண்ணீரில் நின்ற வண்டியா?

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் ஜார்ஜ்டவுனும் செபராங் பிறையும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையின் அடி போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, கார்ப்பெட்டுக்குக் கீழே ஈர வாடை வருகிறதா என்றும் பாருங்கள். விளக்குகளையும் கண்ணாடிகளையும் இயக்கும் மின்பெட்டி கால் வைக்கும் இடத்தருகில்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் தேறிவிட்டது என்பதை எஞ்சினுக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செலவை மூன்றாகப் பிரியுங்கள்

பிளக், காயில், சிறு கேஸ்கெட்டுகள் நூறுகளில் முடியும். வாட்டர் பம்ப், உயரழுத்த பம்ப் ஆயிரங்களில் போகும். என்54-இன் இன்ஜெக்டர்கள் ஆறையும் மாற்றினால் பத்தாயிரத்தை நெருங்கலாம். புதிய ஒவ்வொன்றின் எண்ணையும் எஞ்சின் கணினியில் பதிய வேண்டும். இரட்டை டர்போ என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். எம்3-இன் எஸ்65 எஞ்சினில் கனெக்டிங் ராட் பியரிங் தேய்ந்து உடைந்தால் செலவு இவை எல்லாவற்றையும் மிஞ்சும். அதனால்தான் எம்3 வைத்திருப்போர் பலர் அதை முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள்.

ஹாஃப்கட் கடைகளைப் பற்றி ஒரு சொல். கதவு, விளக்கு, கண்ணாடி மோட்டார், இருக்கை ஆகியவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம். பம்ப், இன்ஜெக்டர், டர்போ மூன்றையும் அங்கே வாங்காதீர்கள். அவை எத்தனை ஆண்டு உழைத்தன என்று யாராலும் சொல்ல முடியாது, கூலியோ இரண்டு முறை போகும்.

காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வையுங்கள். வெள்ளத்துக்கான கூடுதல் காப்புறுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் அது அடங்காது. அந்த ஐந்தில் ஒரு பங்கு கையில் இருந்தால், பில்களோடு வரும் 2010-க்குப் பிந்தைய 335ஐ-யை வாங்குங்கள். இல்லையென்றால் 325ஐ போதும்: அதே கூப்பே உடல், டர்போ இல்லை, ரோட் டாக்ஸ் பாதிக்கும் கீழே.