எஸ்.ஆர். மாத்திரையை நசுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு ராத்திரியில் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 1000 ஒன்று போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாத்திரை பெரிசு, தொண்டையில் நிற்கிறது என்று அம்மியில் நசுக்கிக் களியோடு முழுங்கிவிடுகிறார். முழுசாகப் போட்ட ஒரு நாள், மறுநாள் மலத்தில் மாத்திரை மாதிரியே வெள்ளையாக வந்ததாம். "கரையாமப் போற மருந்தை எதுக்கு முழுசா முழுங்கணும்?" என்கிறார். என்ன பதில் சொல்வது?
– வாசகி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: அம்மா பார்த்தது மருந்து இறங்கிய பிறகு மிஞ்சிய சக்கை. பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எஸ்.ஆர். என்றால் மருந்தை மெதுவாக விடும் மாத்திரை. அதில் மருந்தோடு ஹைப்ரோமெல்லோஸ் போன்ற பொருளைச் சேர்த்து அழுத்தியிருப்பார்கள். வயிற்று நீர் பட்டதும் அது ஊறிய சப்ஜா விதை போல வழவழப்பாக உப்பிக்கொள்ளும். அந்த வழவழப்பைத் தாண்டித்தான் மருந்து சிறிது சிறிதாகக் கசிய முடியும். சாதா மெட்ஃபார்மின் 2, 3 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தை எட்டிவிடும். எஸ்.ஆருக்கு ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டது விடியற்காலையில், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிற நேரத்தில் வேலை செய்கிறது. சாப்பாட்டோடு போட்டால் ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக உடம்பில் சேரும். அதனால் களியோடு போடுவது சரிதான், நசுக்குவதுதான் தப்பு. நசுக்கினால் ஒரு நாளைக்கான மருந்து ஒரேயடியாக இறங்கும். குமட்டும், வயிற்றால் போகும், மறுநாள் சாயங்காலத்துக்கு மருந்து போதாது.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கிளிமிபிரைடு என்றும் போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த மாத்திரைகள் பல, இரண்டு அடுக்காக இருக்கும்: ஓர் அடுக்கு உடனே கரையும், மற்றது மெதுவாக. உடைத்தால் இரண்டும் சரிபாதியாகப் பிரியும் என்று நம்ப முடியாது. கிளிமிபிரைடு கூடிப்போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பிரஷருக்கான நிஃபெடிபின் ரிடார்டை நசுக்குவது இதைவிட ஆபத்து. ரத்த அழுத்தம் சட்டென்று விழும். இப்படி மெதுவாக மருந்தை விடும் மாத்திரைகளில் மெட்டோபுரோலால் சக்சினேட்டில் சிலவற்றை மட்டும் நடுக்கோட்டில் பாதியாக உடைக்கலாம். உள்ளே இருக்கும் நுண்மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மருந்தை விடுவதால்தான் அது முடிகிறது. அதையும் மெல்லக் கூடாது.

அம்மாவைத் திட்டாதீர்கள், முழுங்க முடியாதது உண்மையான கஷ்டம். டாக்டரிடம் சொன்னால் 500 எஸ்.ஆர். இரண்டாகவோ, சாதா மெட்ஃபார்மினை வேளைக்குப் பிரித்தோ எழுதித் தருவார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கும் மாத்திரை வருகிறதென்றால் அந்த அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு வழியாக உள்ளே போய்விடக் கூடாது.

ஒன்று கேட்க வேண்டும். சோறும் தொண்டையில் நிற்கிறதா? ஆம் என்றால் மாத்திரையை மாற்றினால் மட்டும் போதாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.