புத்தாண்டுக்குக் குடும்பமாக ஆயத்தமாவோம்



2004 டிசெம்பர் 26, திருக்குடும்பத் திருநாள். அந்த ஞாயிறு காலையில்தான் ஆழிப்பேரலை நம் அம்பாறைக் கரையில் எண்ணற்ற குடும்பங்களைச் சிதைத்தது. மனத்தாங்கலோடு இருந்தவர்களுக்கு ஒப்புரவாக மறுநாள் வாய்க்கவில்லை.

ஆகவே, டிசெம்பர் 31 இரவு நன்றி வழிபாட்டுக்குப் புறப்படுமுன் குடும்பமாகக் கூடுங்கள். மரித்தோரைப் பெயர்சொல்லி நினைத்துச் செபியுங்கள். கணவன் மனைவியிடமும், பெற்றோர் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கட்டும். பேச்சுவார்த்தை அற்றுப்போன உறவினர் வீட்டுக்கு அன்றே செல்லுங்கள்.

சனவரி முதல் நாள் இறைவனின் அன்னையாகிய மரியாளின் பெருவிழா. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968 முதல் அந்நாளை உலக சமாதான தினமாகவும் ஏற்படுத்தினார். ஆலையடிவேம்பில் வாழ்வோரே, நம்மைப் போலவே அன்று உறவுகளை இழந்த அக்கரைப்பற்று முஸ்லிம் அயலவர்க்கும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

புத்தாடை இல்லாவிடினும் குறையில்லை. பகையோடு மட்டும் புத்தாண்டுக்குள் நுழையாதீர்கள்.