பினாங்கிலிருக்கும் மகளுக்கு: அடுக்குக் கிண்ணத்தப்பம் பற்றி

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். அடி அடுக்கு இறுகிக் கிடக்கிறது. நடு அடுக்குகள் ஒட்டாமல் வழுக்குகின்றன. மேலே தண்ணீர் கோத்து நிற்கிறது. பெருநாளுக்கு வரும் விருந்தாளிகளுக்கு நம் வீட்டுக் கிண்ணத்தப்பம் தருவதாக மாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நாள் இருக்கிறது, பதறாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே கடைகளில் விற்கும் குவே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்முடையதை அளக்காதே. அதில் அரிசி மாவோடு மரவள்ளி மாவும் சேர்கிறது. அதனால்தான் பிள்ளைகள் ஒவ்வோர் அடுக்காக உரித்துத் தின்ன முடிகிறது. நம்முடையது அரிசியும் தேங்காய்ப்பாலும் மட்டும். அது உரியாது, கத்தி வைத்தால் துண்டாக வரவேண்டும், வாயில் கரையவேண்டும். உரிய வைக்கிறேன் என்று மரவள்ளி மாவைக் கொட்டினால் கிடைப்பது அவர்கள் பலகாரம். நல்ல பலகாரம்தான், ஆனால் உன் மாமியார் கேட்டது அது இல்லையே.

சரி, உன் அடுக்குகள் ஏன் பிரிந்தன? ஒவ்வொன்றையும் பதினைந்து நிமிடம் வேகவைத்தேன் என்கிறாய். அதுதான் கோளாறு. அரிசி மாவு ஏறக்குறைய 70 டிகிரி சூட்டிலேயே தண்ணீரை இழுத்துக்கொண்டு பசையாகிவிடும். மெல்லிய அடுக்குக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் முகம் இறுகி, தேங்காய்ப்பாலின் எண்ணெய் மேலே வந்து நிற்கும். அந்த எண்ணெய் மேல் ஊற்றினால் எது ஒட்டும்? சுவர் பூசுகிற கொத்தனார் முதல் பூச்சு ஈரமாய் இருக்கும்போதே அடுத்ததைப் போடுவது மாதிரிதான் இதுவும். விரலால் தொட்டால் மாவு கையில் வரக்கூடாது, ஆனால் பிசுக்கென்று இருக்கவேண்டும். அந்தப் பதத்தில் ஊற்று. அடியடுக்கு இறுகியதற்கும் இதுவே காரணம். மேலடுக்குகள் ஒவ்வொன்றும் வேகும்போது அதுவும் கூடவே வெந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பதத்தை நான் கற்றது நம் வீட்டில் அல்ல, குஜராத்தி ரோட்டில் இருந்த சிநேகிதி வீட்டில். அவர்கள் சாண்ட்விச் டோக்ளா செய்வார்கள். வெள்ளை மாவை அரைவேக்காட்டில் எடுத்து, பச்சைச் சட்னி கலந்த மாவை ஊற்றி, மறுபடியும் வெள்ளை. உப்புப் பலகாரம், கடுகு தாளிப்பு, நம்முடையதற்கும் அதற்கும் ருசியில் சம்பந்தமே இல்லை. ஆனால் மூடியைத் திறந்து மாவைத் தொட்டுப் பார்க்கும் அந்தக் கை ஒன்றுதான். மட்டாஞ்சேரியில் பிறந்தவளுக்கு இது ஒரு பாக்கியம். நாலு வீட்டு அடுப்பைப் பார்த்தே சமையல் படித்துவிடலாம். அங்கேயும் உனக்கு அது உண்டு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஆவியில் அடுக்கும்போது கூட நின்று பார்.

அளவு எழுதிக்கொள். கால் கிலோ பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை நன்றாக வடித்துவிடு. 750 மில்லி தேங்காய்ப்பாலில், இரண்டாம் பாலை மட்டும் விட்டு வெண்ணெயாக அரை. முதல் பாலைப் பிறகு கலந்து, மெல்லிய துணியில் வடிகட்டு. சிட்டிகை உப்பு, ஏலக்காய். மாவை இரண்டாகப் பிரித்து ஒன்றில் 90 கிராம் சர்க்கரை, இன்னொன்றில் அதே அளவு வெல்லம். வெல்லத்தை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டே சேர்க்கவேண்டும். வெள்ளையும் பழுப்புமாக இரண்டு நிறம் அதிலேயே வந்துவிடும், சாயம் வேண்டாம்.

அரிசி விஷயத்தில் கவனம். தாய்லாந்து மணவரிசி குழைகிற ஜாதி, அடுக்கு நிற்காது. புலூட் என்கிற ஒட்டும் அரிசி கூடவே கூடாது. லிட்டில் இந்தியாவில் சாதாரணப் பச்சரிசி கேட்டு வாங்கு.

எட்டு அங்குலக் கிண்ணத்தட்டில் தேங்காயெண்ணெய் தடவி, வெறும் தட்டையே முதலில் ஆவியில் சூடாக்கு. அடுக்குக்கு 150 மில்லி என்று அளந்து ஊற்றினால் அரை சென்டிமீட்டர் கனத்தில் ஏழு அடுக்கு வரும். ஊற்றுமுன் ஒவ்வொரு முறையும் மாவை அடியிலிருந்து கலக்கு. இதை மறக்கவே மறக்காதே. அரிசி அடியில் தங்கிவிடும். முதல் அடுக்கு வெறும் பாலாகவும் கடைசி அடுக்கு கட்டியாகவும் போவது அதனால்தான். கரண்டியின் முதுகில் விழும்படி ஊற்றினால் கீழடுக்கில் பள்ளம் விழாது. கடைசி அடுக்கை மட்டும் பதினைந்து நிமிடம் விடு.

மேலே தண்ணீர் நின்றதற்கு மூடியிலிருந்து சொட்டிய ஆவிநீர்தான் காரணம். மூடியை ஒரு துணியால் இறுகக் கட்டு. அப்பச்செம்பில் தண்ணீர் குறைந்தால் கொதிநீரையே ஊற்று. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி, அந்த அடுக்கு அரைகுறையாக நிற்கும்.

வெந்ததும் வெட்டாதே. எல்லோரும் அவசரப்படுகிற இடம் இது. உன் மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றாலும் சரி, முழுதாக ஆற நான்கு மணி நேரமாவது விடு. சூட்டில் வெட்டினால் குழைந்து கத்தியில் ஒட்டும். ஆறியபின் கத்தியில் எண்ணெய் தடவி, ஒரே அழுத்தாக இறக்கு. குளிர்பெட்டியில் வைத்தால் அரிசி விறைத்துவிடும். வைக்க நேர்ந்தால் மறுபடி ஐந்து நிமிடம் ஆவி காட்டு, மிருதுவாகிவிடும். ஆனாலும் பெருநாளுக்கு முந்தின இரவு செய்வதுதான் நல்லது. அங்கத்திய வெக்கையில் தேங்காய்ப்பால் பலகாரம் அதற்கு மேல் வெளியே தாங்காது.

இந்த வாரமே பாதி அளவில், சின்னத் தட்டில், மூன்று அடுக்கு மட்டும் செய்து பார். எந்த அரிசி, எத்தனை நிமிடம் என்று குறித்து அனுப்பு. வெட்டின பக்கத்தைப் படம் எடு. மேல்பக்கத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியாது.

மாமியாருக்கும் மாமனாருக்கும் என் சலாம்.

வஸ்ஸலாம்,
உன் பெரியம்மா